விழுந்த இடத்தில் கிடக்க வேண்டிய துணி

1

மறுபடியும் கோடை வந்துவிட்டது. கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் கோடை என்றால், நம் அறந்தாங்கிப் பக்கத்து மார்கழி வெயில்தான். அதற்கே இவர்கள் அரை டவுசரோடு அலைகிறார்கள். நேற்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "யக்கா, போன வருசம் செவ்விந்தியர் கோயிலுக்குப் போனேன்னீங்களே, இந்த வருசமும் போறீங்களா? போட்டோ போடுங்க. வீடியோ இருந்தா இன்னும் நல்லாருக்கும்."

தம்பி, செவ்விந்தியர் என்று சொல்லாதீர்கள். நானும் வந்த புதிதில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அவர்கள் கிரீ மக்கள், இந்த மண்ணின் பூர்வகுடிகள். அப்புறம், அது கோயிலும் இல்லை. போட்டோ என்னிடம் கிடையாது, இருந்தாலும் போட மாட்டேன்.

போன வருஷம் பெருமை பீற்றிக்கொண்டு குரல் பதிவு போட்டவள் இந்த வருஷம் ஏன் இப்படிச் சிடுசிடுக்கிறாள் என்று நினைப்பீர்கள். பெருமையைச் சொன்ன வாயாலேயே அதற்குப் பின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

2

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறேன். ஊரில் பி.எட். முடித்தவள். அந்தச் சான்றிதழை இந்த நாட்டு அலுவலகங்களுக்கு அனுப்பி அனுப்பி அலுத்துப்போய், கடைசியில் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டேன். உருளைக்கிழங்கு எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை.

அங்கே தலைமைச் சமையல்காரி லொரெய்ன். கிரீ பெண், என்னைவிட மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான், அதனால் ஒட்டிக்கொண்டோம். அவள் பேசுவது ஆங்கிலம். ஆனால் நம் பேச்சில் எழுதினால்தான் எனக்குக் கை ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் ஒருநாள் கேரட் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "எங்க ஊருல ஒரு சடங்கு இருக்கு, செல்வி. ஒன்னய கூட்டிட்டுப் போகலாமான்னு, அதை நடத்துற எங்க மாமாட்ட கேட்டேன். சரின்னுட்டாரு. ஆனா சிலது இருக்கு. நீளப் பாவாடை கட்டிட்டு வரணும். போனை வண்டியிலேயே வச்சுட்டு வரணும். மாசத்துல அந்த நாளா இருந்தா வரக்கூடாது."

எனக்கு வந்ததே சிரிப்பு! "அடிப்பாவி, இதைக் கேக்கவா நான் ஏழு கடல் தாண்டி வந்தேன்? எங்க அய்யனார் கோயில்ல இதே கதைதான்" என்றேன். அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் கோளாறு ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. இதுவும் நம்ம கோயில் மாதிரிதான், எல்லாச் சாமியும் ஒண்ணுதான் என்று என் மனசு அப்போதே உரிமை எடுத்துக்கொண்டுவிட்டது. விருந்தாளியாகத்தான் கூப்பிட்டார்கள். நான் பங்காளியாகப் போனேன்.

3

அங்கே என்ன நடந்தது என்று எழுத மாட்டேன். அதைச் சொல்லும் உரிமை என்னைக் கூட்டிப்போனவர்களுக்கு உண்டு, எனக்கு இல்லை. நான் சொல்ல வந்தது நான் செய்ததை. அதற்கு அந்த மரங்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

சடங்கு நடந்த இடத்துக்கு அங்கிட்டு கொஞ்சம் மரங்கள். அவற்றில் துணிகள் கட்டியிருந்தார்கள். சில புதுசு, சில வெயிலும் பனியும் தின்று நூல் நூலாகத் தொங்கின. வேண்டுதல் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நம் கோயில் மரங்களில் தொட்டிலும் மஞ்சள் துணியும் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புரியாதா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இந்த நாட்டில் முதல் தடவையாக ஒரு மரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கும்பிட்டபோது யாழினிதான் நினைவில் வந்தாள். என் தங்கை கவிதாவின் மகள், ஐந்து வயசு. அந்தச் சித்திரையில்தான் பிள்ளைக்கு முதல்முறை வலிப்பு வந்திருந்தது. அப்புறம் அடிக்கடி. புதுக்கோட்டையில் டாக்டரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. கவிதா போனில் பேசினால் அழுகைதான். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு "சரியாயிரும்டி" என்று சொல்வதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தேன்.

மரத்தடிப் புல்லில் ஒரு துண்டுத் துணி உதிர்ந்து கிடந்தது. நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. குனிந்து எடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டேன், கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திருடுகிறோம் என்ற நினைப்பு துளிகூட இல்லை. கோயிலுக்குப் போனால் ஏதாவது கொண்டுவர வேண்டும், அதுதானே நம் வழக்கம்? திருநீறோ, எலுமிச்சம்பழமோ, கயிறோ, அம்மனுக்குச் சாத்திய பூவில் ஒரு இணுக்கோ. வெறுங்கையோடு திரும்பினால் போனதாகவே சேர்த்தியில்லை. நான் பிரசாதம் எடுத்துக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது.

கீரனூர்க்காரர் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினார். சாக்லேட்டோடு அதையும் கொடுத்தனுப்பினேன். கவிதா மஞ்சள் தண்ணீரில் நனைத்து, கயிறாகத் திரித்து, யாழினியின் வலது மணிக்கட்டில் கட்டினாள். அதே வாரத்தில் திருச்சி டாக்டர் ஒரு புது மாத்திரையும் எழுதிக்கொடுத்திருந்தார். வலிப்பு நின்றது.

மாத்திரையாலா, துணியாலா? நான் படித்தவள், மாத்திரை என்றுதான் சொல்வேன். ஆனால் ஊர்க் குழுவில் குரல் பதிவு போடும்போது துணியைப் பற்றித்தான் பேசினேன்.

4

கார்த்திகை வாக்கில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், லொரெய்னிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "ஒங்க சாமி பெரிய சாமிப்பா! எங்க பிள்ளைக்கு நல்லாப் போச்சு."

"எப்படி?" என்றாள் சிரித்துக்கொண்டே. சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"கீழதானே கெடந்துச்சு? மழையிலயும் பனியிலயும் மண்ணோட போயிருக்கும். நான் பத்திரமாத்தானே வச்சு..."

"மண்ணோட போகத்தானே கட்டுறோம்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "யாரோ ஒருத்தர் யாருக்காகவோ கேட்டுக் கட்டினது அது. எது யாரோடதுன்னு நான்கூடக் கேக்கமாட்டேன். நீ எடுத்து ஒரு பிள்ளை கையில கட்டிட்டே. எங்க அம்மா காலத்துல இந்தச் சடங்கெல்லாம் செஞ்சா கவர்மெண்டு ஜெயில்ல போட்டுரும். ஒளிஞ்சு ஒளிஞ்சு காப்பாத்தி வச்சிருக்கோம். இப்ப எல்லாரும் ஆசை ஆசையா வாரீங்க, ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போறீங்க. மாமாட்ட நான்தான் ஒனக்காகக் கேட்டேன், செல்வி."

வருகிறவர்களில் என்னையும் சேர்த்துவிட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. வெள்ளைக்காரன் எடுத்தால் திருட்டு, நாம் எடுத்தால் பக்தி என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. நாமும் அதே வெள்ளைக்காரன் காலில் கிடந்தவர்கள்தானே, நமக்கு எப்படிப் பாவம் ஒட்டும் என்று.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். நிலாவுக்குப் பதினைந்து வயசு. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயசு. அய்யனார் யார் என்று கேட்டால் விழிப்பாள். பள்ளியில் இந்த மண் யாருடையது என்று தினமும் சொல்லச் சொல்லி வளர்க்கிறார்கள், அது மட்டும் நன்றாகத் தெரியும். காதில் இருந்த இயர்போனைக் கழற்றி, "அம்மா, யூ ஸ்டோல் எ ப்ரேயர்?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போடி, பெருசா வந்துட்டா" என்று கத்திவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால், "கீழே கிடந்தது, பத்திரமாத்தான் வச்சிருக்கோம்" என்ற அந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் ஊருக்கு வந்திருந்தபோது நடந்தது. அதற்கு வெகுகாலம் முன்பு, கவிதா கைக்குழந்தையாக இருக்கையில் காய்ச்சல் கண்டு பிழைப்பாளா என்று கிடந்தாள். எங்கள் ஆத்தா அய்யனாருக்கு மண்குதிரை வேண்டிக்கொண்டது. பிழைத்தாள். குதிரை எடுப்புத் திருவிழாவில் தூக்கிக்கொண்டுபோய் வைத்த அந்தக் குதிரை காலப்போக்கில் கால் உடைந்து, கழுத்து முறிந்து கோயில் காட்டில் கிடந்தது. எல்லாக் குதிரையும் அப்படித்தானே கிடக்கும்? ஒருநாள் அதன் தலையைக் காணோம். தேடினால், செட்டிநாட்டுப் பக்கம் ஒரு சொகுசு விடுதியின் வரவேற்பறையில், வாயருகே விளக்குப் போட்டு அலங்காரமாக வைத்திருக்கிறார்கள்.

லோடு வண்டி பிடித்து ஊரே போனோம். அந்த மேலாளர் பாவம், நல்ல மனுஷன்தான். "ஒடைஞ்சு கெடந்ததுதாங்க. யாரோ கொண்டாந்து குடுத்தாங்க. நாங்க பத்திரமாத்தானே வச்சிருக்கோம். வர்றவுக எல்லாம் எவ்வளவு ரசிக்கிறாக தெரியுமா?" என்றார்.

கவிதா போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம்! "அது என் உசுருக்கு எங்க ஆத்தா வச்ச குதிரைங்க. ஒங்க ஆளுக ரசிக்கவா வச்சுச்சு? ஒடைஞ்சா ஒடைஞ்ச எடத்துல கெடந்து மண்ணாப் போகணும். அதுக்குப் பேருதாங்க சாமிக்குக் குடுத்தது!"

தலையை மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மேலாளரை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டு வந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரிந்தும் இருந்தது, தெரிந்தே அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

5

துணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கவிதாவிடம் சொன்னேன்.

"என்னக்கா சொல்ற நீ? பிள்ளைக்கு இப்பத்தான் நல்லாருக்கு. கட்டுன கயித்த அவுக்கச் சொல்றியா?"

"அது நம்மளுது இல்லடி."

"நீதானக்கா அனுப்புன?"

"தெரியாம அனுப்பிட்டேன்."

"தெரியாமக் கட்டுனதுக்கே நல்லாருக்கு. தெரிஞ்சு அவுத்து ஏதாவது ஆச்சுன்னா? நீ அங்கிட்டு இருக்க, ஒனக்கென்ன. பிள்ளை பல்லக் கடிச்சுக்கிட்டு வெட்டி வெட்டி இழுக்கிறத நான்ல பாக்கணும்?"

அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதற்கு மேல் ஒரு நல்ல அக்கா வாயை மூடியிருப்பாள். நான் மூடவில்லை. "அன்னைக்கு அந்த விடுதியில நீ என்னடி சொன்ன?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டாள். பல வாரம் பேசவில்லை.

உடன்பிறந்தவளை மடக்க அவள் சொல்லையே எடுத்து அவள் பிள்ளை மேல் வீசினேன். நியாயம் என் பக்கம்தான். ஆனாலும் அந்த நியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. தப்பு செய்தது நான். விலை கேட்டது அவளிடம்.

மாசி மாதம் லீவு கிடைத்து ஊருக்கு வந்தேன். காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போன கவிதா, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"இந்தா. அய்யனாருட்ட சொல்லிட்டுத்தான் அவுத்தேன். ஒன் பிரெண்டுட்ட குடுத்துரு."

அவ்வளவுதான் பேசினாள். யாழினி மணிக்கட்டில் இப்போது ஒரு கறுப்புக் கயிறு. என் மடியில் வந்து உட்கார்ந்து, முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"பெரியம்மா, என் நீலக் கயிறு யாருக்கு?"

"அது வேற யாரோடதோ, கண்ணு. அவுகளுக்கே குடுத்துருவோம்."

"வேற பாப்பாவா?"

"இருக்கலாம்."

"அந்தப் பாப்பாவுக்கும் பிட்ஸு வருமா?"

நான் கவிதாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை எனக்கு அது ஒரு துணி, ஒரு தப்பு, ஒரு சிநேகிதியின் கோபம். துணியின் அந்தப் பக்கமும் ஒரு பிள்ளை இருக்கலாம் என்பதை யாழினி கேட்டுத்தான் யோசித்தேன். அந்தப் பிள்ளைக்காகக் கேட்டது பாதியில் நின்று, புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து மஞ்சள் தண்ணீரில் ஊறியிருக்கிறது.

திரும்பும்போது டொராண்டோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் பதில் சொல்லிப் பழகிய எனக்கு இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இது இந்த நாட்டுப் பொருள். திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்" என்றேன். முறுக்கிய பழந்துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் கண் எப்படி இருந்ததோ, ஒன்றும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்.

6

லொரெய்ன் துணியை இரண்டு கையாலும் வாங்கினாள். நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை. அந்த வாரக் கடைசியில் அவள் மட்டும் தன் ஊருக்குப் போய்வந்தாள். அதற்குப் பிறகும் வெகுநாள் சமையற்கட்டில் பேச்சு "உப்பை எடு", "தட்டை வை" என்ற அளவில்தான்.

பிறகு ஒருநாள், தானாகவே கேட்டாள். "அந்தப் பிள்ளை எப்படி இருக்கா?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். பொய். முந்தின வாரம்தான் மறுபடி வந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் வைத்து. கவிதா போனில் சொன்னாள். உடனே, நான் மூச்சுவிடுவதற்குள், "நான்தான்க்கா மாத்திரை குடுக்க மறந்துட்டேன். வேற ஒண்ணுமில்ல. நீ எதையாச்சும் போட்டு மனசக் கொழப்பிக்காத" என்றாள். மாத்திரைக்குப் போனில் அலாரம் வைத்திருப்பவள் அவள். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்துபோய் மாத்திரை கொடுத்தவள். அவளா மறப்பாள்?

லொரெய்ன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், செல்வி. ஒங்க வீட்டுல ஒரு பிள்ளைக்கு முடியலைன்னு நீ சொல்லியிருந்தா, அங்க இருந்த அத்தனை பேரும் அந்தப் பிள்ளைக்காக வேண்டியிருப்பாங்க."

கேட்டால் கொடுத்திருப்பார்கள். அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

யாழினிக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லி இப்போது கேட்கிறேன். எப்படிக் கேட்பது என்று அவளிடமே கேட்டுக்கொண்டேன். புகையிலை வைத்துக் கேட்பது அவர்கள் முறை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெட்ரோல் பங்க் கடையில் புகையிலை வாங்கினேன், தெரிந்த தமிழ் முகம் ஏதும் இருக்கிறதா என்று திருட்டு முழி முழித்துக்கொண்டு. லொரெய்னின் மாமாவிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக்கொள்ளலாம். வாங்காமலும் போகலாம், அது அவர் இஷ்டம். "கேட்டுச் சொல்றேன்" என்றாள் லொரெய்ன். இன்னும் சொல்லவில்லை. பொட்டலம் என் அடுக்களை மேல்தட்டில் காத்திருக்கிறது. இந்தக் கோடையில் அவர்கள் கூடுகிறார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. தம்பி, போட்டோ இல்லாத காரணம் இதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் கவிதா கூப்பிட்டாள். புகையிலை விஷயத்தைச் சொன்னேன்.

"நீ எதையும் எடுத்துட்டு வந்துறாதக்கா" என்றாள்.

"இல்லடி."

பின்னால் யாழினி எதற்கோ அடம்பிடிக்கும் குரல் கேட்டது.

"யக்கா, ஒண்ணு கேட்டா வையமாட்டியே?"

"கேளு."

"நம்ம யாழினி கேட்டால்ல, அந்தப் பாப்பாவப் பத்தி. எனக்கு அதுலயிருந்து மனசே சரியில்ல. இத்தன மாசம் அந்தப் பிள்ளையோடத நம்ம பிள்ள கையில கட்டி வச்சிருந்தோம்ல? அதான் நம்ம அய்யனாருக்கு வேண்டிக்கிட்டேன். வர்ற குதிரை எடுப்புக்கு யாழினி பேருல ஒரு குதிரை, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு. குதிரை செய்றவருட்டயும் சொல்லிட்டேன். பேரு என்னன்னு கேட்டாரு, எனக்குத் தெரியலைன்னேன். பேரு தெரியாம வச்சாத் தப்பில்லையேக்கா?"

நான் எடுத்ததற்கு என் தங்கை குதிரை வைக்கிறாள். தப்பில்லைடி என்று சொல்ல வாயெடுத்தேன். எது தப்பு எது தப்பில்லை என்று சொல்ல எனக்கு ஏது வாய்? போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் அங்கிட்டு, "யக்கா? யக்கா, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.